640 சதுர அடி வீடு, 4 லட்சம் பட்ஜெட்: எதைச் செய்வது, எதை விடுவது?

ஊரப்பாக்கம்வாசி:

வணக்கம். ஊரப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். இரண்டாவது மாடி, எங்களுக்கு மேலே இன்னும் இரண்டு தளம் உண்டு. கார்பெட் ஏரியா 640 சதுர அடி. நான், கணவர், ஆறாம் வகுப்பு படிக்கும் மகள், மாமியார் என்று நாலு பேர். சாவி வந்துவிட்டது. உள்வேலைக்கு எங்களால் ஒதுக்க முடிந்தது 4 லட்சம்.

ஒரு இன்டீரியர் நிறுவனத்தில் கொட்டேஷன் கேட்டோம். 7.2 லட்சம் சொல்கிறார்கள். மாடுலர் கிச்சன் 2.4 லட்சம், இரண்டு வார்ட்ரோப் 1.5 லட்சம், ஹாலுக்கும் இரண்டு அறைகளுக்கும் விளக்கோடு ஃபால்ஸ் சீலிங் 1.1 லட்சம், டிவி சுவருக்குப் பேனலிங் 90 ஆயிரம், பூஜை, ஷூ ரேக், கிராக்கரி யூனிட் சேர்த்து 80 ஆயிரம், லாஃப்ட் கதவுகள் 50 ஆயிரம். 3டி படம் போட்டுக் காட்டினார்கள், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கிரைண்டர், அரிசி மூட்டை, மாமியாரின் இரும்பு பீரோ எதற்கும் அந்தப் படத்தில் இடமே இல்லை.

எதை வெட்டலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவைசிவில்:

முதலில் ஃபால்ஸ் சீலிங்கை எடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

அடுக்குமாடியில் தரையிலிருந்து தளம் வரை பெரும்பாலும் ஒன்பதரை அடிதான் கிடைக்கும். ஜிப்சம் போர்டு போட்டால் அரை அடி போய்விடும். மிச்சம் ஒன்பது அடி. அதற்குக் கீழே ராடு போட்டு ஃபேன் தொங்கவிட்டால் அறை சின்னதாகத் தெரியும், காற்றும் சரியாக வராது. அதைவிடப் பெரிய சிக்கல், உங்களுக்கு மேல் வீட்டுக் குளியலறையில் கசிவு வந்தால் போர்டு ஊறிக் கறை இறங்கும் வரை உங்களுக்குத் தெரியாது. வெறும் தளமாக இருந்தால் ஓதம் தொடங்கும்போதே கண்ணில் படும். மேல் வீட்டுக்காரரிடம் உடனே பேசலாம். மேல்தளத்து வெயிலுக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்பதால் "சூடு குறையும்" என்ற காரணமும் இங்கே பொருந்தாது.

டிவி பேனலிங்கும் அப்படித்தான். சுவரில் ஸ்டாண்டு அடித்து டிவியை மாட்டி, வயர் போக ஒரு குழாயைச் சுவருக்குள் விட்டு, கீழே ஒரு நீள டிராயர் பெட்டி வைத்தால் போதும். இந்த இரண்டையும் விட்டாலே 2 லட்சம் குறைகிறது. கொட்டேஷன் 5.2 லட்சத்துக்கு வந்துவிட்டது பாருங்கள்.

திருச்சிஅத்தை:

அம்மா, நீ வெட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய். இப்போது இருக்கும் வீட்டில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அலமாரியாகத் திற. என்ன இருக்கிறது, எவ்வளவு உயரம், எத்தனை நாளைக்கு ஒருமுறை எடுக்கிறாய், எழுது. வேறு யாராலும் உனக்காக இதைச் செய்ய முடியாது.

தினம் எடுப்பது இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் வர வேண்டும். இட்லிக் குண்டான், குக்கர் எல்லாம் இடுப்புக்குக் கீழே. 25 கிலோ அரிசி மூட்டை தரையோடு தரையாக, தூக்காமல் இழுக்கிற மாதிரி. கிரைண்டர் மேடை மேல் ஒரே இடத்தில் நிரந்தரமாக இருக்கட்டும். இரண்டு லிட்டர் டேபிள் டாப் என்றாலும் கல்லோடு சேர்த்துப் பத்துக் கிலோவுக்கு மேல் வரும். ஒவ்வொரு முறையும் உள்ளே இருந்து தூக்கி வைத்து அரைக்க வேண்டும் என்றால், நாலு மாதத்தில் கடையில் மாவு பாக்கெட் வாங்க ஆரம்பித்துவிடுவாய். சிங்குக்குப் பக்கத்தில் வை, கல் கழுவ வசதி.

கொலு வைக்கிற வீடா? அப்படியானால் படி, பொம்மைப் பெட்டி இரண்டுக்கும் லாஃப்ட் இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிடு. வருஷத்துக்கு ஒரு தடவைதான் எடுப்போம் என்று கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் பொம்மைக்கு மூக்கு உடைவதை எத்தனை வீட்டில் பார்க்கிறோம்.

ஊரப்பாக்கம்வாசி:

நன்றி அத்தை. ஆமாம், கொலு வைப்போம், ஐந்து படி. நோட்டு வேலையை இந்த ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன்.

கோவைசிவில் சார், ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்பதில் கணவரும் சம்மதம். ஆனால் கிச்சன் 2.4 லட்சம் நியாயமா? சமையலறை பத்துக்கு ஏழு அடி, எல் வடிவ மேடை. கொட்டேஷனில் "வாட்டர் ப்ரூஃப் ப்ளை" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள்.

செங்கோட்டை_மரவேலை:

"வாட்டர் ப்ரூஃப் ப்ளை" என்று ஒரு தரம் கிடையாது அக்கா. அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ப்ளைவுட்டில் எம்ஆர் என்று ஒன்று உண்டு, ஐஎஸ் 303 தரம். ஈரப்பதத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. படுக்கையறை அலமாரிக்குச் சரி. சமையலறைக்கு வேண்டியது பிடபிள்யூபி, அதாவது கொதிநீரையும் தாங்குவது, ஐஎஸ் 710. இந்தத் தரத்துக்கான சோதனையில் பலகையை 72 மணி நேரம் கொதிக்க வைத்துப் பார்ப்பார்கள், அடுக்கு பிரியக் கூடாது. கொட்டேஷனில் "ஐஎஸ் 710, 18 மிமீ" என்று எழுத்தில் வாங்குங்கள். பலகை வந்து இறங்கும்போது அறுப்பதற்கு முன் முத்திரையைப் பாருங்கள். ஐஎஸ்ஐ குறியோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்த உரிமம், இப்போது நடப்பில் இருக்கிறதா என்று காட்டிவிடும். அறுத்த ஓரத்தையும் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவில் பொந்து பொந்தாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், அதில் ஸ்க்ரூ நிற்காது.

பலகை நல்லதாக இருந்தும் கிச்சன் கெடுவது எங்கே தெரியுமா? ஓரத்தில். மைக்கா ஒட்டிய முகப்பில் தண்ணீர் ஒன்றும் செய்யாது. ஓரத்துப் பட்டை சரியாக ஒட்டாத இடம், கீல் வைக்கக் குடைந்த 35 மிமீ குழி, சிங்க் குழாய்க்காகத் துளைத்த ஓட்டை, இந்த மூன்று வழியாகத்தான் ஈரம் உள்ளே போகும். துளைத்ததும் அந்த ஓரத்தில் சிலிக்கான் தடவச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. எங்கள் பட்டறையில் குழாய் ஓட்டைக்கு இதைச் செய்யாமல் பெட்டியை மாட்ட விடுவதில்லை.

இன்னொன்று, உள்பக்கமும் மைக்கா வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் கதவு வளையும்.

கோவைசிவில்:

செங்கோட்டை சொன்னது அத்தனையும் சரி. ஆனால் நான் ஒரு படி மேலே போகிறேன். மேடைக்குக் கீழே ப்ளைவுட் பெட்டியே எதற்கு?

நம் ஊரில் காலம் காலமாகக் கடப்பா கல்தான். மேடையைத் தாங்க நிற்கும் பலகையும் கல், நடு ஷெல்ஃபும் கல். கரையான் அரிக்காது, தண்ணீரில் ஊறாது, குழாய் உடைந்து ராத்திரி முழுக்க நின்றாலும் காலையில் துடைத்துவிட்டுப் போகலாம். முகப்புக்கு மட்டும் ஃபிரேம் அடித்துக் கதவு போட்டால் பார்க்க மாடுலர் மாதிரியேதான் இருக்கும். செலவும் நன்றாகக் குறையும். இன்டீரியர் நிறுவனங்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுடைய ஃபேக்டரியில் செய்வது பெட்டி.

ஒன்றே ஒன்று பார்க்க வேண்டும். உங்கள் கட்டடம் செங்கல் சுவரா, மைவான் முறையில் வார்த்த கான்கிரீட் சுவரா என்று பில்டரிடம் கேளுங்கள். மைவான் சுவரே கட்டடத்தைத் தாங்குவது. அதைக் குடைந்து கல்லைச் செருகக் கூடாது. அப்போது நிற்கும் கல்லின் மேலேயே ஷெல்ஃபையும் உட்கார வைக்க வேண்டும்.

செங்கோட்டை_மரவேலை:

சார், கடப்பா கல்லை நான் எதிர்க்கவில்லை. ஆனால் வெறும் கல் ஷெல்ஃபில் இரண்டடி ஆழத்துக்குப் பாத்திரம் அடுக்கினால் பின்னால் இருப்பதை எடுக்கத் தரையில் உட்கார்ந்து கையை விட வேண்டும். அதனால்தான் பெண்கள் டிராயர் கேட்கிறார்கள். டிராயர் ஓடுகிற சேனலைக் கல்லில் நேரடியாக ஸ்க்ரூ பண்ண முடியாது. கல் இழைப்பும் அங்குல சுத்தமாக வராது, மேலே 18 அங்குலம் என்றால் கீழே பதினேழரை இருக்கும், டிராயர் மாட்டிக்கொள்ளும்.

நான் செய்கிற முறை இது. சிங்குக்கு அடியிலும் அரிசி, எண்ணெய் டின் வைக்கிற இடத்திலும் வெறும் கல். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பகுதிக்கு மட்டும் கல் தடுப்புகளுக்கு நடுவில் பிடபிள்யூபி பெட்டி செருகி அதில் மூன்று டிராயர். மேல் டிராயரில் கரண்டி, நடுவில் தட்டு டம்ளர், கீழே குக்கர். ஒரு சாதாரண வீட்டுக்கு இந்த மூன்று டிராயர் போதும். கம்பிக் கூடை வாங்கினால் 304 ஸ்டீல் வாங்குங்கள். மிச்ச இடமெல்லாம் கதவு மட்டும்.

கல் வேலை, டைல்ஸ் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் மர வேலைக்கு அளவு எடுக்க விட வேண்டும். முன்னாலேயே அளவு எடுத்து ஃபேக்டரியில் வெட்டிக்கொண்டு வந்தால் இடுக்கு அடைக்கப் பட்டி அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஊரப்பாக்கம்வாசி:

பில்டரிடம் கேட்டேன், செங்கல் சுவர்தான். அப்படியானால் கடப்பா கல், ஒரு டிராயர் பெட்டி. மனதுக்குப் பிடித்திருக்கிறது.

மேடை உயரம் எவ்வளவு வைப்பது? என் உயரம் ஐந்தடி. மாமியாரும் சமைப்பார், அவர் என்னைவிடக் குள்ளம்.

திருச்சிஅத்தை:

மேடைக்கு முன்னால் நின்று முழங்கையை மடக்கு. முழங்கைக்கு நாலிலிருந்து ஆறு அங்குலம் கீழே மேடை வந்தால் தோள் வலிக்காது. உன் உயரத்துக்கு 32 அங்குலம் போதும். 34 வைத்தால் அடுப்பு மேல் குண்டான் ஏறும்போது உள்ளே எட்டிப் பார்க்க வேண்டி வரும். அடுப்புக்கும் உயரம் உண்டு என்பதை மறக்காதே.

தாம்பரம்_வயர்மேன்:

பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் என் பேச்சையும் கேட்டுவிடுங்கள் மேடம்.

சமையலறையில் பில்டர் கொடுப்பது நடுவில் ஒரு டியூப்லைட். நீங்கள் மேடையைப் பார்த்து நின்றால் விளக்கு முதுகுக்குப் பின்னால். உங்கள் நிழல் நேராக வெட்டுகிற காய் மேல் விழும். மேல் அலமாரிக்கு அடியில் ஒரு எல்இடி பட்டி போட ஒரு பாயின்ட் வைத்துவிடுங்கள். பெரிய செலவே இல்லை. தினம் இரண்டு வேளை பயன்படும்.

விளக்கு வாங்கும்போது வாட் மட்டும் பார்க்காமல் கெல்வினும் பாருங்கள். 6500 என்றால் பளிச் வெள்ளை, 3000 என்றால் பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சள். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 3000, சமையலறைக்கும் மகள் படிக்கிற மேஜைக்கும் 4000 என்பது என் கணக்கு. ஒரே அறைக்குள் இரண்டு நிறம் கலந்தால் சுவர் அழுக்காகத் தெரியும். ஃபால்ஸ் சீலிங் இல்லாமல் அழகான வெளிச்சம் வராது என்று சொன்னால் நம்பாதீர்கள். ஹாலில் எதிரெதிர்ச் சுவரில் ஒவ்வொரு சுவர் விளக்கு, சோபா மூலையில் ஒரு ஸ்டாண்டு விளக்கு வைத்துப் பாருங்கள்.

ப்ளக் பாயின்ட் விஷயம். மேடையில் மிக்ஸி, கிரைண்டர், கெட்டில் மூன்றுக்கும் தனித்தனிப் பாயின்ட். இன்டக்‌ஷன் அடுப்புக்குத் தனியாக 16 ஆம்பியர். மீட்டர் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் உடனே கரன்ட்டைத் துண்டிக்கிற ஸ்விட்ச், இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் முதல் செலவு அதுதான். ஈரக் கையோடு வேலை செய்கிற இடம்.

வாடகைவீட்டுக்காரன்:

இங்கே எல்லாரும் சொந்த வீட்டுக்கே சொல்கிறீர்கள். மதுரையில் வாடகைக்கு இருக்கிறேன். சுவரில் ஆணி அடித்தாலே வீட்டுக்காரர் வந்து நிற்பார். எங்களுக்கு ஏதாவது உண்டா?

திருச்சிஅத்தை:

உண்டு தம்பி. நாங்களும் பல வருஷம் வாடகை வீட்டில் இருந்தவர்கள்தான்.

கூடவே எடுத்துக்கொண்டு போகிற பொருளில் மட்டும் பணம் போடு. பவானி ஜமக்காளம் ஒன்று நல்ல நிறத்தில் வாங்கி ஹாலில் விரி, மொசைக் தரை மறைந்துபோகும், துவைக்கவும் முடியும். இரும்பு ரேக் வாங்கி அதற்கு முன்னால் பருத்தித் திரை போட்டால் அதுவே அலமாரி. பத்தமடைப் பாய் ஒன்று இருந்தால் மதியத்தில் தரையிலேயே படுத்துக்கொள்ளலாம், பகலில் கட்டில் அடைக்கிற இடம் மிச்சம். மேற்கு ஜன்னலில் வெயில் வந்தால் உள்ளே கனமான திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடு. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த சூடு பெரும்பாலும் உள்ளேயேதான் நிற்கும்.

தாம்பரம்_வயர்மேன்:

தம்பி, ஃபேன் உங்களுடையது என்றால் பிஎல்டிசி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இது முப்பதுக்குப் பக்கத்தில். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

ஊரப்பாக்கம்வாசி:

நோட்டு வேலை முடித்தேன். சமையலறையில் இருப்பதில் கால்வாசியை நான் ஒரு வருஷமாகத் தொடவே இல்லை. கிராக்கரி யூனிட் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டோம்.

இப்போது பீரோ விவகாரம். மாமியாரின் இரும்பு பீரோ, அவருடைய கல்யாணத்துக்கு வாங்கியது. பழைய சாம்பல் பச்சை நிறம். கணவர், புது வீட்டில் வேண்டாம், விற்றுவிடலாம் என்கிறார். மாமியார் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது.

செங்கோட்டை_மரவேலை:

விற்காதீர்கள் அக்கா. அந்தக் காலத்துத் தகடு கனம் இப்போது வருவதில்லை. வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில் கொடுத்தால் பழைய பெயிண்டை உரித்து ஸ்ப்ரே அடித்துத் தருவார்கள். சுவரின் நிறமே அடித்தால் கண்ணை உறுத்தாது. அம்மா அறையில் அந்தப் பீரோவையே நடுவில் வைத்து, மேலே லாஃப்ட், பக்கத்தில் இரண்டடிக்கு ஒரு திறந்த ஷெல்ஃப் என்று செய்துவிட்டால் ஒரு வார்ட்ரோப் செலவு முழுக்க மிச்சம்.

இன்னொரு அறைக்கு வார்ட்ரோப் செய்யும்போது அது எந்தச் சுவரில் வருகிறது என்று பாருங்கள். குளியலறையின் மறுபக்கச் சுவர் என்றால் வேண்டாம். வேறு வழியே இல்லை என்றால் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் காற்றுப் போக இடைவெளி விட்டு, நாலங்குலக் காலில் நிற்க வையுங்கள். மழைக்காலத்தில் பட்டுப் புடவையில் பூஞ்சை பிடிப்பது இந்தச் சுவர்களால்தான்.

திருச்சிஅத்தை:

பீரோவை வைத்துக்கொண்டால் உன் மாமியார் மனம் நிறையும். அவருக்காக இன்னும் இரண்டு. குளியலறையில் கமோடுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, டைல்ஸைத் தாண்டிச் சுவருக்குள் ஆழமாக ஆங்கர் போட்டு. அவர் கட்டிலில் இருந்து குளியலறை வரை தரையோரம் ஒரு சின்ன ராத்திரி விளக்கு. எந்த டிசைனரும் 3டி படத்தில் இதைக் காட்ட மாட்டார்.

காரைக்குடி_மருமகள்:

வண்ணம் வேண்டும் என்று ஆசை இருந்தால் பால்கனிக்கு மட்டும் ஆத்தங்குடி கல் போடலாம். சிமென்டையும் வண்ணக் கலவையையும் கண்ணாடி மேல் ஊற்றிக் கையால் செய்வது, சூளையில் சுடுவதில்லை. நடக்க நடக்க மெருகு ஏறும். ஆசிட் மட்டும் ஊற்றவே கூடாது, சிமென்டைத் தின்றுவிடும். கல் கனமானது. ஏற்கெனவே டைல்ஸ் இருக்கிற தரை மேல் போட்டால் மட்டம் உயர்ந்து பால்கனிக் கதவு திறக்காது, மழைத் தண்ணீரும் உள்ளே வரும். பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

கோவைசிவில்:

ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிற்று. சிலிண்டர் எங்கே வைக்கப் போகிறீர்கள்? கதவு போட்ட பெட்டிக்குள் என்றால் கதவின் அடிப்பகுதியில் காற்றுப் போக ஓட்டைகள் உள்ள ஜாலி கட்டாயம் வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். மேலே மட்டும் ஓட்டை வைத்துப் பயனில்லை. அந்தப் பெட்டிக்குள் ப்ளக் பாயின்ட், ஸ்விட்ச் எதுவும் கூடாது. ரப்பர் குழாயில் ஐஎஸ்ஐ குறி பார்த்து, அதில் அச்சடித்திருக்கும் காலத்துக்குள் மாற்றிவிடுங்கள்.

ஊரப்பாக்கம்வாசி:

ஜாலி வைக்கச் சொல்லிவிட்டேன் சார். பீரோவுக்கு வெளிர் மஞ்சள் என்று மாமியாரே நிறம் சொல்லிவிட்டார். கணவரும் சரி என்றுவிட்டார்.

எங்கள் பகுதிக் கார்பெண்டர் ஒருவரிடம் இந்தக் கணக்கில் பேசினோம். கல் வேலை, டிராயர் பெட்டி, கதவுகள், ஒரு வார்ட்ரோப், லாஃப்ட், பூஜை அலமாரி, ஷூ ரேக், மின் வேலை எல்லாம் சேர்த்து 3.7 லட்சம் வருகிறது. பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கிறார், கொடுக்கலாமா? எல் மேடையின் மூலை இருட்டாக இருக்குமே, அங்கே சுழலும் தட்டு போட 18 ஆயிரம் என்கிறார். தேவையா?

செங்கோட்டை_மரவேலை:

நானும் இதே தொழில் என்பதால் சொல்கிறேன், பாதி முன்பணம் வேண்டாம். பலகை, கல் வாங்கும் பணத்தை நீங்களே கடையில் கொடுத்து உங்கள் பெயரில் பில் வாங்குங்கள். கூலியை வேலை நகர நகரக் கொடுங்கள். ஒரு பத்து சதவீதத்தைக் கதவெல்லாம் மாட்டி, ஒரு மாதம் திறந்து மூடிப் பார்த்த பிறகு கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். நல்ல வேலைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

மூலைத் தட்டு வேண்டாம் அக்கா. அதில் கனம் வைத்தால் நாளடைவில் தொங்கிவிடும். மூலையைக் கதவுக்குப் பின்னால் வெறும் கல்லாக விட்டு, கொலுவுக்கும் பண்டிகைக்கும் மட்டும் எடுக்கிற பித்தளை அண்டா, பெரிய உருளி இரண்டையும் அங்கே தள்ளிவிடுங்கள். அந்தப் பக்கத்துக் கதவுக்கு 165 டிகிரி கீல் கேளுங்கள். முழுக்கத் திறந்தால்தான் அண்டா வெளியே வரும்.